மயக்க வாயு கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் புதிதாக வரும் இளம் வைத்தியர்களைப் பார்க்கும்போது இருபது வருடத்துக்கு முந்திய என் கைகளைத்தான் பார்க்கிறேன். அதே அவசரம், அதே இடத்தில் அதே தடுமாற்றம். லேபலை வாசி, சிலிண்டரைப் பார் என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நுரையீரலுக்குள் திரவம் போவதில்லை

ஒரு தம்பி கேட்டார்: "சேர், திரவத்தையே சுவாசிக்க வைத்து, அதில் மயக்க மருந்தையும் கலந்து கொடுக்கலாம்தானே?" நல்ல கேள்வி. 1966இல் கிளார்க்கும் கோலனும் ஒட்சிசன் ஏற்றிய பெர்ஃபுளோரோகார்பன் என்ற திரவத்தில் எலிகளை மூழ்கவிட்டு, உயிரோடு சுவாசிக்க வைத்தார்கள். பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் அதில் ஹலோதேன் என்ற மயக்க மருந்தைக் கரைத்து விலங்குகளுக்குக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் திரவம் தண்ணீரைவிட ஏறக்குறைய இருமடங்கு பாரம். அதை உள்ளே தள்ளி வெளியே எடுத்து, காபனீரொட்சைட்டைப் போதிய அளவு அகற்றுவது பெரும்பாடு. அது வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை.

நாம் ஊற்றும் செவோஃபுளூரேன் என்ற திரவ மயக்க மருந்து, வேப்பரைசர் என்ற கருவிக்குள் ஆவியாகித்தான் மூச்சில் கலக்கிறது. நிமிடத்துக்கு 2 லீற்றர் வாயு, மருந்தின் அளவை வைக்கும் குமிழில் 2 சதவீதம் என்றால் மணிக்கு ஏறக்குறைய 12 மில்லிலீற்றர் திரவம் போகும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் எப்போது தீரும் என்று முன்கூட்டியே தெரியும்.

நிரப்பிவிட்டுக் குமிழைத் திறக்க மறப்பது

இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது, முதலில் என்மேல்.

வேறொரு வைத்தியசாலையில் வேலை பழகிய காலம். ஒரு அம்மாவுக்குப் பித்தப்பைச் சத்திரசிகிச்சை. நடுவில் வேப்பரைசரின் கண்ணாடியில் திரவம் அடிக்கோட்டுக்கு இறங்கிவிட்டது. குமிழை மூடினேன், ஊற்றினேன், மூடியை இறுக்கினேன். அந்த நேரம் பார்த்துக் கட்டிலைக் கொஞ்சம் சரிக்கச் சொன்னார்கள். சரித்தேன். குமிழ் பூச்சியத்திலேயே நின்றது.

நாடித்துடிப்பு 80இலிருந்து 115க்கு ஏறியது. வலியாக்கும் என்று ஃபென்டனில் என்ற வலிமருந்தைக் கொடுத்தேன். தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்ததால் அந்த அம்மாவின் விரல்கூட அசையவில்லை. அசையாததால் நல்ல மயக்கத்தில் இருக்கிறார் என்று நம்பினேன். கால்மணி நேரம் கழித்துத்தான் குமிழ் கண்ணில் பட்டது.

மறுநாள் வாட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, கறுத்தக்கொழும்பான் இந்த முறை பூக்கேல்லை எண்டு ஆரோ கதைச்சது எனக்குக் கேட்டது. கண்ணைத் திறக்கப் பார்த்தன், ஏலாமப் போட்டுது." தியேட்டரில் மாமரத்தைப் பற்றி நாங்கள் கதைத்த கதைதான் அது. நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடத்தி 2014இல் வெளியிட்ட பெரிய தணிக்கையில், இப்படி விழித்திருந்ததாக நோயாளிகளே சொன்னது ஏறக்குறைய 19,000 பேருக்கு ஒருவர். தசைதளர்த்தி கொடுத்தவர்களை மட்டும் எடுத்தால் 8,000க்கு ஒருவர்.

அன்று எங்களிடம் அளந்து பார்க்க எதுவும் இல்லை. இன்று வெளிவிடும் மூச்சில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று மொனிட்டர் காட்டுகிறது. அப்படியிருந்தும் சத்தம் தொல்லை என்று அலாரத்தை அணைத்துவிட்டு நிற்பவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அலாரத்தின் கீழெல்லையை 0.7 மாக்கில் (MAC) வையுங்கள். கத்தி பட்டாலும் பாதிப் பேர் அசையாமல் இருக்கப் போதுமான மருந்தளவுதான் 1 மாக். நடுத்தர வயதினருக்குச் செவோஃபுளூரேனின் 1 மாக் ஏறக்குறைய 2 சதவீதம். வயது ஏற ஏறக் குறையும். மூடியை இறுக்கிய அதே கை குமிழைத் திருப்பிவிட்டுத்தான் வேறு வேலைக்குப் போக வேண்டும். யார் கூப்பிட்டாலும் சரி, "ஒரு நிமிஷம்" என்று சொல்லுங்கள். அப்புறம் திரும்பிப் பாருங்கள்.

மாற்றி ஊற்றுவது

20 பாகை செல்சியஸில் ஹலோதேனின் ஆவியழுத்தம் 243 மி.மீ. பாதரசம், செவோஃபுளூரேனுடையது ஏறக்குறைய 160. செவோ வேப்பரைசருக்குள் ஹலோதேன் போனால் குமிழ் காட்டுவதைவிட அதிகம் வரும். அது வீரியமும் கூடிய மருந்து. போத்தலின் வாய் வேப்பரைசரில் பொருந்தவில்லை என்றால் வேறு வழி தேடி ஊற்றாதீர்கள். பொருந்தாமல் செய்ததே அதற்காகத்தான்.

சரிந்து விழுந்த வேப்பரைசர்

சரிபார்த்து வரும்வரை நோயாளிக்கு இணைக்க வேண்டாம்.