கறுப்பு வெள்ளை ஃபிலிம்: 1600-இல் வைத்துவிட்டால் கலை வந்துவிடாது

புதிதாகக் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு வருகிறவர்கள் தங்கள் நெகட்டிவ்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. ஒரு காலத்தில் நான் அடித்த அதே கூத்துகளை வரிசை மாறாமல் அவர்களும் அடிக்கிறார்கள். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, ஸ்பூலில் மாட்டாத ஃபிலிமில் 36 படம் எடுப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை ஒருமுறை நடந்தால் போதும், ஆயுளுக்கும் மறக்காது. யாராவது சுட்டிக்காட்டும்வரை தவறென்றே தெரியாமல் வருடக்கணக்கில் தொடரும் சில பழக்கங்கள் இருக்கின்றன. இது அவற்றைப் பற்றியது.

## பெட்டியைப் படிக்காமல் கழுவக் கொடுப்பது

கறுப்பு வெள்ளை ஃபிலிம் எல்லாம் ஒரே வகை அல்ல. டிரை-எக்ஸ், ஹெச்பி5 பிளஸ், எஃப்பி4 பிளஸ் போன்றவற்றில் படம் உலோக வெள்ளியால் ஆனது. எக்ஸ்பி2 சூப்பரில் படம் சாயத்தால் ஆனது. கலர் ஃபிலிமுக்கான சி-41 முறையில்தான் அதைக் கழுவ வேண்டும். எக்ஸ்பி2-ஐத் தவறிப்போய் டி-76 என்ற கறுப்பு வெள்ளை டெவலப்பரில் (படத்தை வெளிக்கொணரும் கரைசலில்) கழுவினாலும் ஏதோ ஒரு படம் தேறும். மாற்றிச் செய்தால்தான் வினை. வெள்ளி ஃபிலிமை சி-41-இல் விட்டால் அங்குள்ள ப்ளீச், ஃபிக்சர் என்ற இரு ரசாயனங்களும் சேர்ந்து வெள்ளி முழுவதையும் கரைத்துவிடும். திரும்பி வருவது நிறமற்ற வெற்றுச் சுருள். ஓரத்து எண்கள்கூட மிஞ்சாது.

## ரோலுக்கு ஒரு ஃபிலிம் என்று மாற்றிக்கொண்டே இருப்பது

ஒரு 400 ஃபிலிம் (ஒளியை உணரும் வேகத்தைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண் அது), ஒரு டெவலப்பர். அவை கைக்கு வரும்வரை வேறு பக்கம் போகாதீர்கள். ஹெச்பி5 பிளஸ், டிரை-எக்ஸ் போன்ற பழைய பாணி ஃபிலிம்கள் அரை நிமிடம் கூடினாலும் ஒரு டிகிரி ஏறினாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. டி-மேக்ஸ், டெல்டா ஆகியவற்றின் தட்டையான படிகங்கள் கூர்மையான படத்தைத் தரும். ஆனால் நேரத்திலும் வெப்பநிலையிலும் கறார் பார்க்கும். தெர்மாமீட்டர் பார்க்கும் பழக்கம் வந்த பிறகு அவற்றை வாங்கலாம்.

## 400 ஃபிலிமை 1600-இல் வைத்துப் பட்டப்பகலில் எடுப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு தம்பி தன் பாட்டியை ஜன்னலோரம் உட்கார வைத்து ஒரு ரோல் முழுவதும் எடுத்துவிட்டு வந்தார். நல்ல முகம், நல்ல வெளிச்சம். ஆனால் கண்குழிகள் இரண்டும் ஓட்டைகளாக இருந்தன. ஜன்னல் பக்கத்துக் கன்னம் வெள்ளையடித்த சுவர். சேலையின் நிழல் பக்கத்தில் ஒரு மடிப்புகூட இல்லை. "லேபில் கெடுத்துவிட்டார்கள் சார்" என்றார்.

நெகட்டிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து முதலில் ஓரத்தைப் பார்த்தேன். ஃபிலிமின் பெயரும் படவரிசை எண்களும் அடர்ந்த கறுப்பில் பளிச்சென்று இருந்தன. அந்த எழுத்துகளைத் தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதித்துவிடுகிறார்கள். உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அவை கறுப்பாக இருந்தால் கழுவியது சரி. எழுத்து கறுப்பாகவும் படத்தின் நிழல்கள் வெறுமையாகவும் இருந்தால் குற்றம் படம் எடுத்த கையில்தான். ஒளி மீட்டரை எந்த எண்ணில் வைத்தீர்கள் என்று கேட்டேன். "1600. கிரெயினும் கான்ட்ராஸ்டும் நன்றாக வரும் என்று படித்தேன்." கிரெயின் என்றால் படத்தில் தெரியும் மணல் போன்ற துகள்; கான்ட்ராஸ்ட் என்றால் கறுப்புக்கும் வெள்ளைக்குமான வேறுபாடு.

400 என்பது அந்த ஃபிலிமுடன் பிறந்த குணம். நீங்கள் 1600-க்குத் திருப்பியது மீட்டருக்கு மட்டுமே தெரியும், ஃபிலிமுக்குத் தெரியாது. மீட்டர் இரண்டு ஸ்டாப் குறைத்துக் காட்டும். ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்; அதாவது வேண்டிய ஒளியில் கால் பங்குதான் உள்ளே போகும். ஒளி பட்ட படிகத்தில் சில வெள்ளி அணுக்களாவது ஒன்றுசேர்ந்திருந்தால்தான் டெவலப்பருக்கு அங்கே வேலை உண்டு. விவரம் தெரிய வேண்டிய நிழல், நடுச் சாம்பலுக்கு இரண்டு ஸ்டாப் கீழே விழுவது வழக்கம். அதை மேலும் இரண்டு ஸ்டாப் தள்ளிவிட்டால் ஒளி படாத ஃபிலிமிலும் இருக்கும் அடிமட்ட மங்கலுக்குள் போய்விடும்.

புஷ் செய்து, அதாவது கூடுதல் நேரம் கழுவினால் மீண்டு வராதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஹெச்பி5 பிளஸை ஐடி-11 டெவலப்பரின் முழுக்கரைசலில் 20 டிகிரி செல்சியஸில் 400-க்குக் கழுவ ஏழரை நிமிடம். 1600-க்கு 14 நிமிடம். கூடுதலான அந்த ஆறரை நிமிடத்தில் வெளிச்சப் பகுதிகள் விறுவிறுவென்று அடர்த்தி ஏறும், நடுப்பகுதி ஓரளவு ஏறும், நிழல் இருந்த இடத்திலேயே இருக்கும். விதைக்காத நிலத்துக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் பாய்ச்சினால் என்ன? புஷ் என்று நாம் சொல்வது, போதாத ஒளியும் மிகையான கழுவலும் சேர்ந்தது, அவ்வளவுதான்.

இரவுத் தெரு, நாடக மேடை போன்ற இடங்களில் புஷ்ஷுக்கு நியாயம் உண்டு. ஷட்டரை இன்னும் மெதுவாக்கினால் கை ஆடும், லென்ஸ் ஏற்கெனவே முழுக்கத் திறந்திருக்கும், வேறு வழியில்லை. அப்போதும் ரோல் முழுவதையும் ஒரே எண்ணில் எடுங்கள். அந்த எண்ணைக் கேசட்டின் மேலேயே எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் லேப் அதை 400 என்றுதான் கழுவும். இருட்டுக்கென்றே செய்த டெல்டா 3200-இன் நிலையும் இதுதான். அதன் உண்மையான வேகம் ஐ.எஸ்.ஓ. 1000 என்று தயாரிப்பாளரின் தகவல் தாளே சொல்கிறது. மீதியெல்லாம் புஷ்தான்.

ஜன்னலோரப் பாட்டிக்கு இது எதுவும் தேவையில்லை. 400 ஃபிலிமை 200 அல்லது 250-இல் வையுங்கள். முகத்தின் நிழல் பக்கத்தில் மீட்டரைக் காட்டி, அது சொல்வதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் அதிக ஒளியைச் சத்தமில்லாமல் தாங்கும், இரண்டு ஸ்டாப் குறைவைத் தாங்காது. கிரெயின் வேண்டுமென்றால் ரோடினால் டெவலப்பரில் கழுவுங்கள். கான்ட்ராஸ்ட் வேண்டுமென்றால் பிரிண்டில் கூட்டிக்கொள்ளுங்கள். நெகட்டிவில் பதியாத சேலை மடிப்பை எந்தத் தாளிலும் கொண்டுவர முடியாது. அந்தத் தம்பி மறுபடி எடுத்து வந்தார். பாட்டி மறுபடி உட்காரச் சம்மதித்தது அவருடைய நல்ல காலம்.

## சிவப்பு ஃபில்டர் மோகம்

நீல வானத்தைக் கறுக்க வைக்கும் என்பது உண்மை. மேகம் மூடிய வானத்தை ஒன்றும் செய்யாது. 25 எண் சிவப்பு ஃபில்டர் மூன்று ஸ்டாப் தின்னும், அதாவது 400 ஃபிலிம் 50 ஆகிவிடும். கையில் தனி மீட்டர் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் மறக்கிறார்கள். முகத்துக்கு அதைப் போட்டால் தோல் வெளிறி உதடு காணாமல் போகும். பெரும்பாலான நாட்களுக்கு மஞ்சள் ஃபில்டர் போதும், ஒரு ஸ்டாப்தான் செலவு. ஆர்த்தோ ஃபிலிமில் சிவப்பு ஃபில்டர் மாட்டாதீர்கள். அந்த ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது.

## நீண்ட எக்ஸ்போஷரில் மீட்டரை அப்படியே நம்புவது

ஹெச்பி5 பிளஸுக்கு மீட்டர் 10 விநாடி காட்டினால் 20 கொடுங்கள். 30 காட்டினால் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். ஏக்ராஸ் II ஃபிலிமுக்கு 120 விநாடி வரை இப்படி நேரம் கூட்டும் தொல்லை இல்லை.

## காலாவதியான ஃபிலிம்

கற்றுக்கொள்ளும் காலத்தில் வேண்டாம்.

## விமான நிலையம்

கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய சி.டி. ஸ்கேனர் எந்த வேக ஃபிலிமையும் கெடுக்கும். செக்-இன் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள்.

## ஃபிக்சரைக் குத்துமதிப்பாகப் பயன்படுத்துவது

நறுக்கிய ஃபிலிம் முனையை வெளிச்சத்திலேயே ஃபிக்சரில் போட்டுப் பாருங்கள். பால் போன்ற மங்கல் நீங்க எத்தனை விநாடி ஆகிறதோ, குறைந்தது அதைப் போல இரு மடங்கு நேரம் ஃபிக்ஸ் செய்யுங்கள். டி-மேக்ஸ் வகைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்; அதில் இளஞ்சிவப்புச் சாயல் தங்கியிருந்தால் நேரம் போதவில்லை என்று சந்தேகப்படலாம். புதுக் கரைசலில் ஆனதைப் போல இரண்டு பங்கு நேரம் பிடித்தால் அந்தக் கரைசலை ஒதுக்கிவிடுங்கள்.

## ஸ்கேனரின் தூசி நீக்கி

அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடிக்கும் வசதியை வெள்ளி ஃபிலிமுக்கு அணைத்து வையுங்கள். வெள்ளி அந்த ஒளியையும் மறைப்பதால் ஸ்கேனர் படத்தையே தூசி என்று நினைத்து அழித்துத் திட்டுத்திட்டாக்கிவிடும். எக்ஸ்பி2-க்கு மட்டும் தாராளமாகப் போடலாம். மற்றதற்கெல்லாம் ஊதுபந்தும் மெல்லிய பிரஷும் பொறுமையும்தான்.