வார்டு வேலையோடு உளஇயக்கவியல் படிக்க

மனநலப் பிரிவில் செவிலியராக இருந்துகொண்டே உளஇயக்கவியல், அதாவது நாம் அறியாமலே மனதுக்குள் ஓடுவது நம் பேச்சையும் நடத்தையையும் எப்படி இயக்குகிறது என்ற பாடம், படித்தவள் நான். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டின் எழுத்தை முழுசாக முடித்துவிட்டு வார்டைப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். ஆறு மாதம் வீண்.

நோயாளியோடு நடந்த ஒரே ஓர் உரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பேசும்போது குறிப்பெடுக்க வேண்டாம். ஃப்ராய்டே 1912-இல் மருத்துவர்களுக்கு அப்படித்தான் சொன்னார். ஷிஃப்ட் முடிந்ததும் உட்கார்ந்து நோயாளி பேசியது, நீங்கள் பேசியது, நடுவில் விழுந்த மௌனம், உங்களுக்குள் ஓடியது எல்லாவற்றையும் நடந்த வரிசையில் எழுதுங்கள். பெயரோ அடையாளமோ வேண்டாம்.

என் நோட்டில் ஒரு பக்கம்: ஒரு நோயாளி பத்து நிமிடத்தில் மூன்று முறை மணி கேட்டார். மூன்றாவது முறை, "இப்பதானே சொன்னேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். "அன்று நீங்கள் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்?" என்று சூப்பர்வைசர் கேட்டபோதுதான் உறைத்தது. அடுத்த வாரத்திலிருந்து எனக்கு இரண்டு வாரம் விடுப்பு. அந்த நோயாளி கேட்டது மணியைத்தானா, நான் கிளம்பிப் போவதையா?

நோயாளியிடம் நமக்குள் எழும் இந்த எரிச்சல் போன்ற உணர்வுக்கு எதிர்மாற்றம் என்று பெயர். நோயாளியைப் புரிந்துகொள்ள அதையே கருவியாக்கலாம் என்று உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் 1950-இல் எழுதினார். அதற்காக எல்லா எரிச்சலையும் நோயாளி தலையில் கட்டாதீர்கள். சில நாள் வெறும் பசிதான்.

வாரம் ஒரு முறையாவது அந்தப் பக்கத்தை சூப்பர்விஷனில், அதாவது அனுபவமுள்ளவரோடு நம் வேலையைப் பேசிப் பார்க்கும் நேரத்தில், சத்தமாகப் படியுங்கள். தனியாகப் படித்தால் நம் குருட்டுப் புள்ளி நமக்குத் தெரியாது.

அப்புறம், கண்டுபிடித்த விளக்கத்தை ஓடிப்போய் நோயாளியிடம் சொல்லாதீர்கள். நான் போய் மணியைச் சொன்னேன்; விடுப்பு முடிந்து வரும் தேதியையும் சேர்த்துச் சொன்னேன்.