மலையில் ஓட்டும் காருக்கு எக்ஸாஸ்ட்: காசு வீணாகும் இடங்கள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் டிஎன் 43 நம்பரில் ஒரு போலோ ஜிடியோ ஐ20 என் லைனோ பழைய ஸ்விஃப்டோ வைத்திருப்பவர்களுக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் எக்ஸாஸ்ட்தான், அதாவது புகையை வெளியேற்றும் பைப்பும் சைலென்சரும் சேர்ந்த செட். ஆசையில் தப்பே இல்லை. நன்றாகச் செய்த எக்ஸாஸ்ட்டோடு ஒரு வண்டி பர்லியார் தாண்டி இரண்டாவது கியரில் ஏறும் சத்தம் எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் கையில் கொஞ்சம் காசை வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் கோயம்புத்தூருக்கு இறங்கி, கடை வாசலில் நிற்கும் வண்டியில் சத்தம் கேட்டு முடிவு செய்கிறார்கள். ஓட்டப்போவது மலையில். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

நிற்கிற வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எந்த சைலென்சரும் கம்பீரமாகத்தான் கேட்கும். எஞ்சினில் பாரமே இல்லையே. கல்லாறிலிருந்து ஏற ஆரம்பித்ததும் கதை மாறும். இரண்டாவது, மூன்றாவது கியரில், 2,000 முதல் 3,500 ஆர்பிஎம்முக்குள், பாதி மிதித்த நிலையில் குன்னூர் வரை போக வேண்டும். மலிவான செட்டுகள் ‘கும்’மென்று காதை அடைக்கும் இரைச்சலைக் காருக்குள் கொண்டுவருவது பெரும்பாலும் இந்த வேகத்தில்தான். நாலு சிலிண்டர் எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 தடவை வெடிக்கிறது. அந்த அதிர்வு பைப்பின் நீளத்தோடும் காரின் உள்கூட்டோடும் ஒத்துப்போனால் பின்சீட்டில் இருப்பவருக்குத் தலைவலிதான். இதை அடக்குவது நடுவில் வரும் ரெசனேட்டர். விலையைக் குறைக்க முதலில் எடுத்துவிடுவதும் அதைத்தான். அதனால் வாங்கும் முன் இதே மாடலில் இதே செட் போட்டிருக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒருமுறை மேடு ஏறிப் பாருங்கள். வீடியோவில் கேட்ட சத்தத்தை நம்பாதீர்கள். ஐ20 என் லைனில் இருப்பது மூன்று சிலிண்டர் டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி வைத்த எஞ்சின். நாலு சிலிண்டர் வண்டியின் குரல் எந்த சைலென்சர் போட்டாலும் அதில் வராது.

அடுத்தது, பைப் பெரிதாக இருந்தால் பவர் கூடும் என்ற நம்பிக்கை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பலத்தை ஏற்கெனவே இழந்துதான் ஓடுகிறது. அதில் 1.2 லிட்டர் ஸ்விஃப்டுக்கு இரண்டரை இஞ்ச் பைப்பைப் போட்டால், புகை வெளியேறும் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் இருக்கிற கொஞ்ச பிக்கப்பும் போய்விடும். பேக் பிரஷர், அதாவது புகைக்குப் பைப்பில் கொஞ்சம் தடை, வேண்டும் என்று மெக்கானிக்குகள் சொல்வது பாதி சரி. உண்மையில் வேண்டியது புகையின் வேகம். ஒரு சிலிண்டரின் புகை வேகமாக ஓடும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைந்து, அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துவிடுகிறது. டர்போ வண்டியில் கொஞ்சம் பெரிய பைப் பலன் தரலாம். டர்போ இல்லாத சின்ன எஞ்சினுக்கு, கம்பெனி அளவிலோ ஒரு படி கூடுதலாகவோ இருந்தாலே போதும்.

புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது பற்றி நான் கறாராகவே சொல்வேன்: வேண்டாம். அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்சிஜன் சென்சார், கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. கன்வெர்ட்டர் இல்லையென்றால் எஞ்சின் லைட் எரியும். புகைச் சான்று எடுப்பதும் சிக்கலாகும். கொண்டை ஊசி வளைவில் கண்ணாடியை இறக்கினால் சொந்த வண்டியின் நெடியே உள்ளே வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் சத்தம், புகை இரண்டுக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். சும்மாவே கழற்றித் தருகிறேன், பழசை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் என்று யாராவது சொன்னால் ஜாக்கிரதை. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன.

ஸ்டீலில் ஏமாறுவதும் நிறைய நடக்கிறது. காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்ற நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம் என்று நினைக்கிறார்கள். மலிவான 202-லும் காந்தம் ஒட்டாது, ஆனால் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். கார்களில் கம்பெனியே போடும் 409 ரகத்தில் காந்தம் நன்றாக ஒட்டும். அது மோசமான ஸ்டீலும் இல்லை. ஸ்டீல் கடைகளில் துளி விட்டு நிறம் பார்க்கும் சோதனைத் திரவம் இருக்கும், அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பில்லிலும் கிரேடு எழுதி வாங்குங்கள். நம்ம ஊர் பனியில், வீட்டிலிருந்து மார்க்கெட் வரை மட்டும் ஓடும் வண்டியின் சைலென்சர் சரியாகச் சூடேறுவதே இல்லை. புகையிலுள்ள ஈரம் தண்ணீராக உள்ளேயே தங்கி, உள்ளிருந்தே அரிக்கும்.

அப்புறம் பைப்பின் வளைவுகளை, அதாவது பெண்டுகளை, தொட்டுப் பாருங்கள். நல்ல பெண்டில் பைப்பின் வட்டம் முழுதாக இருக்கும். மலிவான பெண்டில் உள்பக்கம் சுருங்கி, மடிப்பு விரலில் தட்டுப்படும், அந்த இடத்தில் வழியும் குறுகும். பிறகு பைப்பின் வாய்க்குள் டார்ச் அடித்து வெல்டிங்கைப் பாருங்கள். உள்ளே கறுத்துப்போய் மொறுமொறுவென்று பொரிந்திருந்தால், அந்த இடம்தான் முதலில் விரிசல் விடும். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் முதல் ஆக்சிஜன் சென்சாருக்கு அருகில், பைப் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டில் லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோல் போதவில்லை என்று எஞ்சின் தப்பாகக் கணக்குப் போட்டுக் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் இறங்கும்.

எஸ்டேட் ரோட்டில் போகிறவர்கள், நாலு பேரை ஏற்றிய பிறகு அடியில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

இறக்கத்தில் படபடவென்று வெடிக்க வைக்கும் மேப்பிங்கையும் (எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) சேர்த்தே விற்கிறார்கள். கல்லட்டியின் 36 வளைவுகளிலும் சின்ன கியரில்தான் இறங்க வேண்டும், அதாவது வழி முழுக்க அந்த வெடிச்சத்தம். எரியாத பெட்ரோல் பைப்பில் போய் எரிவதால் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடும். அதைவிட எனக்கு முக்கியமானது, கீழே மசினகுடி, முதுமலை. யானை நடமாடும் காடு அது. அங்கே பட்டாசுபோல் வெடித்துக்கொண்டு போக யாருக்கும் உரிமை இல்லை.

பட்ஜெட் குறைவு என்றால் கன்வெர்ட்டர், ரெசனேட்டர், நடு பைப் மூன்றையும் கம்பெனி போட்டபடியே விட்டுவிட்டு, கடைசி சைலென்சரை மட்டும் நல்லதாக மாற்றுங்கள். சத்தம் அளவோடு கனக்கும், இரைச்சல் வராது. கழற்றிய பழைய சைலென்சரை டிக்கியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள். வாரன்டி, இன்ஷூரன்ஸ், வண்டி விற்பனை என்று எதற்காவது அது கட்டாயம் தேவைப்படும்.