வில்சன் ஏன் எழும்பிப் போனார்? துணைப் பாத்திரத்தின் மனதை வாசிக்க ஒரு செய்முறை

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் அக்காவுக்கு இரவு வேலை இல்லாத நாட்களில் இருவரும் 'ஹவுஸ்' தொடரைப் போட்டுப் பார்ப்போம். அக்கா நர்ஸ். மூன்றாம் பாகத்தின் பத்தாவது எபிசோட் முடிந்த இரவு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது.

காட்சி இதுதான். நத்தார் இரவு. டொக்டர் ஹவுஸ் அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கிவிட்டு வீட்டுத் தரையில் கிடக்கிறார். நண்பர் வில்சன் உள்ளே வருகிறார், குனிந்து பார்க்கிறார். உயிர் இருக்கிறது. பக்கத்தில் கிடந்த மருந்துப் போத்தலை எடுத்து லேபிளைப் பார்க்கிறார். இறந்துபோன தன் நோயாளி ஒருவரின் பெயர் அதில் இருக்கிறது. எழும்பி வெளியே போய்விடுகிறார்.

"என்ன மனுசன், இப்பிடி விட்டிட்டுப் போறான்!" என்றேன்.

"வடிவாப் பார். ஆள் உயிரோட இருக்கிறானோ எண்டுதானே முதல் பார்த்தவன். பிறகுதானே போத்திலைக் கையில எடுத்தவன்" என்றாள் அக்கா.

திருப்பிப் போட்டுப் பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி. நான் பார்த்தது அவர் போனதை மட்டும்தான். அக்கா பார்த்தது போவதற்கு முன் என்ன செய்தார் என்பதை. அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்து, துணைப் பாத்திரங்கள் ஏன் அப்படி நடக்கிறார்கள் என்று எழுதிப் பழகினோம். அந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன். கதையின் பெரிய திருப்பங்கள் எல்லாம் வரும். தொடரை இனித்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொடரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2004 முதல் 2012 வரை 8 பாகங்கள், 177 எபிசோட்கள். அமெரிக்காவின் நியூஜேர்சியில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட ஓர் ஆஸ்பத்திரி. யாருக்கும் பிடிபடாத நோய்களைக் கண்டுபிடிப்பவர் ஹவுஸ். தொடை வலிக்கு விக்கொடின் மாத்திரை போட்டு அதற்கே அடிமையானவர். வில்சன் அங்கே புற்றுநோய்ப் பிரிவின் தலைவர், ஹவுஸின் ஒரே நண்பர் என்றே சொல்லலாம்.

படி 1: ஒரு செயலைப் பிடியுங்கள்

"வில்சன் நல்லவரா, கெட்டவரா?" என்று தொடங்கினால் அரட்டையில்தான் முடியும். "வில்சன் இந்த இடத்தில் ஏன் இதைச் செய்தார்?" என்று ஒரே ஒரு செயலை எடுங்கள். ஆரம்பத்தில் வசனம் குறைந்த இடமாகப் பார்த்து எடுப்பது நல்லது. பேச்சு நிறைய இருந்தால் பாத்திரம் சொல்லும் விளக்கத்தையே நாமும் எழுதிவைத்துவிடுவோம்.

இன்னொன்று. தமிழில் 'உள்நோக்கம்' என்ற சொல்லில் ஒரு சந்தேக வாடை இருக்கிறது. கொப்பியில் அந்தச் சொல்லை எழுதினாலே பாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடும். நாங்கள் வெறுமனே 'ஏன்' என்றுதான் எழுதுகிறோம்.

படி 2: மூன்று நிரல் போடுங்கள்

பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். செய்தது, அதனால் இழந்தது, அவர் சொன்ன காரணம். நடுவில் உள்ளதுதான் முக்கியம். ஒரு மனிதர் எதற்காக எதை விட்டுக்கொடுக்கிறார் என்று பார்த்தால் அவர் எதைப் பெரிதாக நினைக்கிறார் என்று தெரிந்துவிடும்.

முதற் பாகத்தில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 10 கோடி டொலர் நன்கொடையோடு ஆஸ்பத்திரிக்குள் வரும் வோக்லர் என்ற செல்வந்தர் ஹவுஸைத் துரத்தப் பார்க்கிறார். பணிப்பாளர் சபை வாக்கெடுப்பில் வில்சன் ஒருவர் மட்டும் மறுத்து நிற்கிறார். அதனால் அவருடைய இடமே போகிறது. கொப்பியில் எங்கள் வரி: "செய்தது: எதிர்த்து வாக்களித்தார். இழந்தது: சபையில் இருந்த இடம்."

அம்மம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் சித்தி வாய் ஓயாமல் எல்லோரையும் ஏசிக்கொண்டே இருப்பார். ஆனால் பார்வையாளர் நேரம் தொடங்கும்போது ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு வாசலில் முதல் ஆளாக நிற்பவரும் அவர்தான். அந்த ஃபிளாஸ்க்கின் மூடி உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருப்பார். சித்தியின் மனதை அவருடைய வாயை வைத்து எழுதினால் ஒன்று வரும், அந்த ஃபிளாஸ்க்கை வைத்து எழுதினால் வேறொன்று வரும். நடு நிரலைப் பற்றி யாருக்காவது விளக்க வேண்டி வந்தால் நான் சித்தியைத்தான் சொல்வேன்.

படி 3: ஒழுங்கைக் குலைக்காமல் வரிசையாக எழுதுங்கள்

நான் அதிகம் பிழைவிட்டது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். மூன்றாம் பாகத்தில் வில்சன் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு செயல்களைச் செய்கிறார். வில்சனின் கையெழுத்தைப் போட்டு ஹவுஸ் விக்கொடின் வாங்கியிருக்கிறார். ட்ரிட்டர் என்ற பொலிஸ் அதிகாரி அந்த மருந்துத் துண்டுகளைக் கொண்டுவந்து காட்டும்போது, எல்லாம் தன் கையெழுத்துத்தான் என்று வில்சன் பொய் சொல்கிறார். சில எபிசோட்கள் கழித்து அதே வில்சன் தானாகவே ட்ரிட்டரிடம் போய், நண்பனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒத்துக்கொள்கிறார்.

"சொந்த வாழ்க்கையில் அடி விழுந்ததும் காட்டிக்கொடுத்துவிட்டார்." நான் முதலில் எழுதிய வரி இது. அப்புறம் வரிசையாக எழுதிப் பார்த்தோம். ட்ரிட்டரால் வில்சனின் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது, ஆனால் ட்ரிட்டரிடம் போகவில்லை. கார் பறிக்கப்பட்டது, போகவில்லை. மருந்து எழுதும் அதிகாரம் போய், தன் நோயாளிகளைப் பார்க்கமுடியாத நிலை வந்தது, அப்போதும் போகவில்லை. பிறகு, மாத்திரை குறைக்கப்பட்ட ஹவுஸ் நிதானம் இழந்து, ஒரு சின்னப் பிள்ளையின் கையையும் காலையும் வெட்டியெடுக்கும் அளவுக்குப் போய்விடுகிறார். உண்மையான நோயைக் கண்டுபிடித்து அதைத் தடுக்க வந்த சேஸ் என்ற இளம் டொக்டரின் முகத்தில் குத்துகிறார். வில்சன் ட்ரிட்டரிடம் போவது இதற்குப் பிறகுதான்.

தன் இழப்புகளை எல்லாம் தாங்கியவர், பிள்ளைக்கு ஆபத்து வந்தபோது அசைந்தார். இந்த ஒழுங்கைக் கண்ட பிறகு 'காட்டிக்கொடுத்தார்' என்ற சொல்லை வெட்டிவிட்டேன். அக்கா அதோடு விடவில்லை. ஹவுஸுக்கு அந்த மாத்திரையை வருடக்கணக்காக எழுதிக் கொடுத்ததும் வில்சன்தானே என்று கேட்டாள். அப்படியானால் குற்ற உணர்வும் சேர்ந்திருக்கலாம். இரண்டையும் எழுதி வைத்தோம். ஒரு செயலுக்கு இரண்டு காரணம் இருந்தால் இரண்டையும் இருக்க விடுங்கள், ஒன்றையும் வெட்டிவிட வேண்டாம்.

ஒவ்வொரு வருடமும் இங்கே இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் கொழும்புக் கம்பன் கழகத்தின் கம்பன் விழா நடக்கும். கம்பராமாயணப் பாத்திரம் ஒன்று செய்தது சரியா பிழையா என்று அங்கே வழக்காடு மன்றத்தில் வாதாடுவார்கள். கும்பகர்ணனை நினைத்துப் பாருங்கள். அண்ணன் செய்தது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான், ஆனாலும் அண்ணனுக்காகவே போருக்குப் போகிறான். அதே பிழையைக் கண்ட வீடணன் அண்ணனை விட்டு விலகுகிறான். என் கண்ணுக்கு, ட்ரிட்டரிடம் பொய் சொன்ன வில்சன் கும்பகர்ணன், சாட்சி சொல்ல ஒத்துக்கொண்ட வில்சன் வீடணன். ஒரே ஆளுக்குள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அவரை எனக்கு இவ்வளவு பிடிப்பதற்குக் காரணமும் அதுதான்.

படி 4: மற்றப் பாத்திரங்கள் சொல்வதைச் சாட்சியமாக எடுங்கள்

வில்சனுக்குத் தன்னை நம்பித் தவிப்பவர்கள் எப்போதும் வேண்டும் என்பது ஹவுஸின் கட்சி. வில்சன் மூன்று முறை கலியாணம் செய்து மூன்றும் முறிந்ததையும் அதற்கு ஆதாரம் ஆக்குவார். கேட்க நம்பும்படியாகத்தான் இருக்கும். ஆனால் சொல்பவர் யார்? அந்த உதவியை எல்லோரையும்விட அதிகம் வாங்கியவர். எழுதும்போது "ஹவுஸ் சொல்வது" என்று ஒரு குறிப்புப் போடுங்கள், போதும்.

படி 5: பழைய கதையை எல்லாப் பூட்டுக்கும் சாவி ஆக்க வேண்டாம்

வில்சனுக்கு ஒரு தம்பி. மனநோயால் பாதிக்கப்பட்டு வீதிக்குப் போனவன். அவன் இருக்கிறான் என்பது முதற் பாகத்திலேயே வருகிறது. ஒரு நாள் அவன் எடுத்த தொலைபேசி அழைப்பை வில்சன் இடையில் வைத்துவிட்டதும் அதற்குப் பிறகு அவன் காணாமல் போனதும் ஐந்தாம் பாகத்தில்தான் தெரியவரும். கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. 'ஓகோ, அதனால்தான் ஹவுஸை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்' என்று எல்லாவற்றையும் அந்த ஒரு அழைப்பில் கொண்டுபோய்க் கட்டிவிட மனம் ஓடியது.

கொஞ்சம் பொறுங்கள். வில்சனும் ஹவுஸும் முதலில் சந்தித்தது நியூ ஓர்லியன்ஸில் நடந்த ஒரு மருத்துவ மாநாட்டில். விவாகரத்துப் பத்திரத்தோடு இருந்த வில்சன், மதுச்சாலையில் ஒருவர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டதில் ஆத்திரப்பட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டார். அவரைப் பிணையில் எடுத்தவர் ஹவுஸ். அதாவது இந்த நட்பில் முதலில் உதவி பெற்றவர் வில்சன். தம்பியின் கதைக்குள் இது அடங்காது. ஹவுஸுக்கு முன்னால் அவர் எப்போதும் நல்லவராக இருக்கத் தேவையில்லை, அந்த நிம்மதிக்காகவும் அவர் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

படி 6: கதாசிரியரின் தேவையைத் தனியாக ஒதுக்குங்கள்

பல எபிசோட்களில் வில்சன் வேறு எதையோ கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஹவுஸுக்கு நோய் பிடிபட்டுவிடும். அந்த நேரம் பார்த்து வில்சன் ஏன் அறைக்குள் வந்தார் என்று மண்டையை உடைக்க வேண்டாம். ஷெர்லொக் ஹோம்ஸை மனதில் வைத்து உருவான பாத்திரம் ஹவுஸ். அவருடைய வீட்டு இலக்கம்கூட 221பி. ஹோம்ஸுக்கு வாட்சன் போல இவருக்கு வில்சன். அந்த வருகைகளுக்கு ஓரத்தில் 'க' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறோம்.

இனி நீங்கள் தொடங்கலாம். மூன்றாம் பாகத்தின் ஒன்பதாவது, பத்தாவது எபிசோட்களை ஒரே இரவில் பாருங்கள். முதல் தடவை கொப்பியை மூடி வையுங்கள், இரண்டாம் தடவை எழுதுங்கள். பக்கத்தில் வேறு மாதிரி யோசிக்கும் ஒருவர் இருந்தால் மிக நல்லது.

அந்த நத்தார் இரவுக்கு எங்கள் கொப்பியில் இன்னும் இரண்டு விடைகள் இருக்கின்றன. நண்பனைக் காப்பாற்ற இனித் தன்னால் ஏலாது என்று விளங்கி எழும்பினார் என்பது நான் எழுதியது. செத்த நோயாளியின் பெயரைக் கண்டபோது அவருக்குள் இருந்த டொக்டர்தான் எழும்பிப் போனார் என்பது அக்கா எழுதியது. அக்கா தன் வரிக்குக் கீழே இரண்டு தரம் கோடு போட்டிருக்கிறாள்.