பெயர் பெறாத புறநகரில் குடியேறுவோருக்கு

நெல்லையப்பர் கோயில் திருநெல்வேலி டவுனில் இருக்கிறது. பழைய பள்ளிகளும் கல்லூரிகளும் பாளையங்கோட்டையில் இருக்கின்றன. கே.டி.சி. நகர், பெருமாள்புரம் போன்ற புறநகர்களுக்குக் குடிவருபவர், விருந்தினருக்குச் சுற்றிக்காட்ட இங்கே பெரிதாக எதுவுமில்லை என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது.

வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன் தண்ணீரைக் கேளுங்கள். தாமிரபரணித் தண்ணீர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரும் என்பதை வீட்டுக்காரரைவிட எதிர்வீட்டு அம்மா சரியாகச் சொல்வார். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் குழாய்முனையின் வெள்ளைப் படிவு காட்டிக்கொடுத்துவிடும். விரலால் சுரண்டிப் பாருங்கள். அடுத்து, அருகிலுள்ள குளம் எது, அது நிறைந்தால் மறுகால் எவ்வழியே பாயும் என்று பெரியவர் ஒருவரிடம் விசாரியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் தம் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை எவரும் மறந்திருக்கமாட்டார்; சுவரின் கறையும் சொல்லும் (புதிதாக வெள்ளையடித்த வீடென்றால் கூடுதலாக விசாரிப்பது உத்தமம்).

ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று ஓயாமல் வீசும் என்பதால், மேற்குப் பார்த்த சன்னல்களின் கொக்கிகளை முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள். மொட்டைமாடிக் கொடியில் துணிக்குக் கிளிப் மட்டும் போதாது, முறுக்கிச் செருகவும் வேண்டும். பறந்துபோய்க் காலி மனையின் முள் நிறைந்த உடைமரத்தில் சிக்கிய சேலை முழுதாகத் திரும்புவது அரிது.

பால், இட்லி மாவு, மின்தடைச் செய்தி மூன்றுக்கும் தெருமுனைக் கடை அண்ணாச்சியே போதும். ஜங்ஷனிலிருந்து திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.