தனியார் தாதியர் பட்டம்: காப்பை அடைவு வைக்கும் முன்

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி தன் மகளையும் கூட்டிக்கொண்டு விசுவமடுவிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். பிள்ளையின் கையில் வழவழப்பான கையேடு ஒன்று இருந்தது. தங்கச்சியின் கைப்பைக்குள் நான்கு காப்புகள் கைலேஞ்சியில் முடிந்து கிடந்தன. "அக்கா, வெள்ளிக்கிழமைக்குள் பதிவுப் பணம் கட்டினால் கட்டணத்தில் ஒரு இலட்சம் கழிவு தருவார்களாம். நாளைக்கு வங்கியில் இதை அடைவு வைக்கப்போகிறேன்" என்றாள்.

நான் கிளிநொச்சியில் பத்தொன்பது வருடங்களாகத் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். இதே போன்றதொரு கையேட்டை நம்பி எங்கள் அண்ணன் ஐந்து வருடங்களுக்கு முன்னர் தன் மகளுக்காக 1 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா கட்டினார். எட்டு மாதம் படித்த பிறகுதான், அது பட்டம் அல்ல, டிப்ளோமா என்பதும், பட்டம் வேண்டுமானால் கடைசி இரண்டு வருடங்களை வெளிநாட்டில் படிக்கவேண்டும் என்பதும் தெரியவந்தது. பணம் திரும்பி வரவில்லை. அண்ணன் என்னிடம் கேட்டபோது நான் இரவுக் கடமை முடித்து வந்த களைப்பில் "நல்ல படிப்புத்தான்" என்று சொல்லியிருந்தேன். அந்தச் சொல் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. அதனால் இம்முறை காப்பை வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து விரித்தேன். அன்றிலிருந்து ஆறு வாரங்கள் நாங்கள் செய்ததை, வன்னியில் இதே யோசனையோடு இருக்கும் தாய் தகப்பன்மாருக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்து விளங்கிக்கொள்ளவேண்டும். பட்டத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அந்தப் பட்டத்தோடு தாதியாகப் பதிவு பெறுவது வேறு. நிறுவனத்தின் முகப்பில் இருக்கும் பிள்ளைகள் இரண்டையும் ஒரே மூச்சில் "எல்லாம் அங்கீகாரம் பெற்றது" என்று சொல்லிவிடுவார்கள்.

பட்டத்தின் அங்கீகாரத்தை எடுத்துக்கொள்வோம். அரசு சாராத ஒரு நிறுவனம் இலங்கையில் தானே பட்டம் வழங்குவதென்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அமைச்சரின் கட்டளை வர்த்தமானியில் வந்திருக்கவேண்டும். பலர் வழுக்கி விழும் இடம் இதுதான்: அந்தக் கட்டளை நிறுவனத்தின் பெயரோடு நிற்பதில்லை, எந்தப் பட்டம் என்றும் பெயர் சொல்லும். கணினிப் பட்டத்துக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தாதியர் பட்டம் அதில் இல்லாமல் இருக்கலாம். ஆகவே "உங்கள் நிறுவனத்துக்கு அங்கீகாரம் உண்டா" என்று கேட்காதீர்கள். "இந்தத் தாதியர் பட்டத்தின் பெயர் வரும் வர்த்தமானியின் இலக்கமும் திகதியும் என்ன" என்று கேளுங்கள். வாங்கிய இலக்கத்தை நீங்களே இணையத்தில் தேடிப் பார்க்கவேண்டும். அவர்கள் நீட்டும் நிழற்பிரதி போதாது.

கம்பனிப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மாட்டியிருப்பார்கள். அது வியாபாரம் செய்வதற்கான பதிவு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவையும் காட்டுவார்கள். அது நல்ல பதிவுதான், ஆனால் தொழிற்பயிற்சிக்கு உரியது. அதை வைத்துப் பட்டம் கொடுக்க முடியாது. பட்டம் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் எத்தனையாம் மட்டம் என்றும் கேளுங்கள். சாதாரண இளமாணி 5ஆம் மட்டம், சிறப்பு இளமாணி 6ஆம் மட்டம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று ஆணைக்குழுவிடமே நேரே விசாரிக்கவேண்டும்.

இனி, என் கண்ணுக்கு இதைவிடப் பெரிய விடயம். 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது இலங்கைத் தாதியர் சபை. பிள்ளை தாதியாக வேலை செய்ய அந்தச் சபையின் பதிவேட்டில் பெயர் ஏறவேண்டும். நான்கு வருடம் படித்து, அங்கி போட்டுப் படமும் எடுத்துவிட்டு, பதிவு இல்லாமல் நிற்கும் பிள்ளையின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. தங்கச்சியின் மகளைக் கொண்டே சபைக்குக் கடிதம் எழுதுவித்தோம். நிறுவனத்தின் பெயர், பட்டத்தின் முழுப் பெயர், எந்த வருட அணி என்று குறிப்பிட்டு, "இதை முடித்தவர்களை நீங்கள் பதிவு செய்கிறீர்களா" என்ற ஒற்றைக் கேள்வியை மட்டும் கேட்டோம். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டினோம். தொலைபேசியில் யாரோ "ஓம்" என்று சொன்னதை நம்பிக் காசு கட்டவேண்டாம். எழுத்தில் வரட்டும். பதிவு கிடைத்துவிட்டால் அரச வேலை தானாக வரும் என்றும் எண்ணவேண்டாம். அரச சேவைக்கான ஆட்சேர்ப்புக்குத் தனி விதிகள் உண்டு. வர்த்தமானியில் வரும் விளம்பரத்தில் கேட்கப்படும் தகைமையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

அடுத்தது பயிற்சி. ஒருமுறை வைத்தியசாலையில் எங்கள் விடுதிக்குப் பட்டம் முடித்த பிள்ளை ஒருத்தி வந்தாள். கெட்டிக்காரி, ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. நோயாளி கட்டிலில் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றச் சொன்னேன். கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஐயாவை ஒரு பக்கம் திருப்பி, பழைய விரிப்பை நீளவாக்கில் சுருட்டி முதுகோடு ஒட்டி வைத்து, புதியதைப் பாதி விரித்து மீதியையும் சுருட்டி, அவரை அந்த மேட்டைத் தாண்டி மெதுவாக இந்தப் பக்கம் புரட்டி, மறுபக்கத்தால் இழுக்கவேண்டும். குழாய்வழி சிறுநீர் சேரும் பையை எந்த நேரத்திலும் அவர் இடுப்புக்கு மேலே தூக்கக்கூடாது. விரிப்பில் ஒரு சுருக்கம் விட்டாலும் அது இரண்டு நாளில் புண்ணாகும். இதை அவள் பொம்மையில் மட்டும் இரண்டு தரம் செய்திருந்தாள். குற்றம் அவளுடையதல்ல. அவள் தகப்பன் கொடுத்த காசுக்குக் கட்டிலருகே நிற்கும் நாட்கள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே எந்த வைத்தியசாலையில், எந்தெந்த விடுதிகளில், மொத்தம் எத்தனை மணித்தியாலம், ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். வைத்தியசாலையோடு செய்த உடன்படிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். பிரித்தானியாவில் தாதியர் பட்டப் பாடநெறி 4,600 மணித்தியாலங்கள் கொண்டது, அதில் பாதி நடைமுறைப் பயிற்சி. அதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நாளை பிள்ளை வெளிநாட்டுப் பதிவுக்கு விண்ணப்பித்தால் இந்த மணித்தியாலக் கணக்கைக் கேட்பார்கள். ஏற்கெனவே முடித்த இரண்டு மாணவரைத் தேடிப் பிடித்துப் பேசுவதும் நல்லது. அவர்களை நிறுவனம் காட்டித்தரக்கூடாது, நீங்களே தேடவேண்டும்.

இனிக் காசு. கையேட்டில் இருந்தது 18 இலட்சத்து 50 ஆயிரம். தங்கச்சி அதைத்தான் மொத்தச் செலவு என்று நம்பியிருந்தாள். கொப்பியில் நாங்கள் கூட்டியது இது: பதிவுப் பணம் 1 இலட்சத்து 25 ஆயிரம். பரீட்சைக் கட்டணம் அரையாண்டுக்கு 15 ஆயிரம் வீதம் எட்டுக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். சீருடை, சப்பாத்து, தடுப்பூசி, புத்தகம் 90 ஆயிரம். கொழும்பில் அறையும் சாப்பாடும் மாதம் 38 ஆயிரப்படி நான்கு வருடத்துக்கு 18 இலட்சத்து 24 ஆயிரம். மாதம் ஒருமுறை வீடு வந்து போக 2 இலட்சத்து 40 ஆயிரம். பட்டமளிப்பு விழாவுக்கு 60 ஆயிரம். எல்லாமாக 43 இலட்சத்து 9 ஆயிரம். தங்கச்சி இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள். இதில் ஒரு பாடம் தவறினால் மீண்டும் எழுதும் கட்டணமோ, அடைவு வட்டியோ சேரவில்லை.

கட்டணத்தின் ஒரு பகுதியைப் பவுணிலோ டொலரிலோ கேட்டால் இன்னும் கவனம் தேவை. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாவுக்கு வந்தது. நான்கு வருடத்துக்கும் ரூபாவில் நிலையான கட்டணம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரக் கேளுங்கள். தவணைத் திகதியையும் பேசுங்கள். எங்கள் வீடுகளில் கையில் காசு புழங்குவது காலபோகம் வெட்டிய மாசி, பங்குனியில்தான். சிறுபோகம் குளத்துத் தண்ணீரைப் பொறுத்தது. ஆவணியில் பெரிய தவணை வந்தால் நுண்கடன்காரரிடம்தான் போகநேரும். அந்தக் கடனால் எங்கள் ஊரில் பெண்கள் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவள் நான். தயவுசெய்து படிப்புக்காக அதை எடுக்காதீர்கள். அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் 2017இல் தொடங்கியது. அதன் பட்டியலில் உள்ள நிறுவனங்களின் குறிப்பிட்ட பாடநெறிகளுக்குத்தான் கடன் கிடைக்கும். அந்தப் பட்டியலைப் பார்ப்பதால் நிறுவனத்தைப் பற்றியும் ஒரு தகவல் கிடைக்கும்.

இவ்வளவையும் கூட்டிய பிறகு பிள்ளையிடம், "அரச வழிகளுக்கு விண்ணப்பித்துவிட்டாயா" என்று கேட்டேன். "என் புள்ளிக்குக் கிடைக்காது பெரியம்மா" என்றாள். வெட்டுப்புள்ளி வெளிவரும் முன்னரே தானாக விலகிக்கொள்ளும் இந்தப் பழக்கம் எங்கள் பிள்ளைகளிடம் அதிகம். பல்கலைக்கழக அனுமதியில் பொதுவாக 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்த 16க்குள் அடங்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தாதியர் பட்டம் இருக்கிறது, கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரிகளில் மூன்று வருடப் பயிற்சி, படிக்கும்போதே கொடுப்பனவும் உண்டு. வவுனியாவிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. அந்த வழியில் போய்ப் பதிவு பெற்று வேலையில் இருந்தபடியே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டம் முடித்தவர்கள் என்னோடு வேலை செய்கிறார்கள். இரண்டுக்கும் விண்ணப்பிக்கவைத்தேன்.

இவையெல்லாம் கைகூடாமல் தனியாரிடமே போவதென்றால், ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசியுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தெரிந்த ஆசிரியரிடம் கொடுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும், பாடநெறி நின்றுபோனால் பிள்ளையை எங்கே சேர்ப்பார்கள் என்ற இரண்டு பந்திகளைத் தேடி அடிக்கோடிடுங்கள். அவை இல்லாத தாளில் கையெழுத்து வைக்கவேண்டாம். பணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள், ஊர் முகவரின் கையில் கொடுக்கவேண்டாம். கற்பிக்கும் மொழியையும் விசாரியுங்கள். தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் அரையாண்டில் ஆங்கில வகுப்பு தருவார்களா, தென்னிலங்கை வைத்தியசாலையில் சிங்களம் பேசும் நோயாளியோடு கதைக்கப் பழக்குவார்களா என்பது பரீட்சைத் தாளைவிட விடுதியில்தான் உறைக்கும்.

நிறுவனத்துக்கும் எங்கள் கேள்விகளை எழுதி அனுப்பினோம். வெள்ளிக்கிழமை கழிந்து போனது. அடுத்த புதன்கிழமை அவர்களே தொலைபேசி எடுத்து, அதே ஒரு இலட்சம் கழிவை மாத முடிவு வரை நீட்டியிருப்பதாகச் சொன்னார்கள். வர்த்தமானி இலக்கத்தைக் கேட்டதற்குப் பிறகு அழைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். கொப்பியில் அந்த வரிக்கு எதிரே பிள்ளை திகதியைப் போட்டுவிட்டு, பதிலுக்கு இடம் விட்டிருக்கிறாள். காப்பு இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது.