மவுஸ் இல்லாமல், தமிழ்க் குரலோடு: பார்வையற்றோருக்கான கணினித் தொடக்கப் பாடம்

இந்தச் செய்முறை, விண்டோஸ் மடிக்கணினியை முதன்முறையாகத் தொடப்போகும் பார்வையற்ற ஒருவருக்காகவும், அவர் பக்கத்தில் அமர்ந்து உதவப்போகும் அண்ணனுக்காகவோ அக்காவுக்காகவோ தோழருக்காகவோ எழுதப்படுகிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து மதுரைக்குப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் நன்றாகப் பழகிய பின்பே கணினிக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் குரலைக் கேட்டு வேலை செய்வது புதிதன்று, விசைப்பலகைதான் புதிது. கணினியை ஆங்கிலத்தில் பேச வைப்பது அரைமணி நேர வேலை. அது தமிழை ஒழுங்காக வாசிக்கும்படி செய்வதற்குத்தான் பொறுமை வேண்டும் என்பதால், கீழே பாதி இடத்தைத் தமிழுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எழுதும் முறை பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இதைக் காதால் கேட்டு வாசிப்பவருக்குக் கூட்டல் குறிகள் நழுவிப்போகக்கூடும். ஆகவே "கண்ட்ரோலுடன் எஸ்" என்றால் கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எஸ் விசையைத் தட்ட வேண்டும் என்று பொருள். தமிழில் எழுதும்போது "டி", "பி" ஆகியவை எந்த ஆங்கில எழுத்தைக் குறிக்கின்றன என்று தெரியாது என்பதால், டைட்டிலின் டி, பட்டனின் பி என்று சேர்த்தே சொல்கிறேன்.

எதை நிறுவ வேண்டும்

திரையில் உள்ளதைக் குரலாக மாற்றும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். விண்டோஸுக்கான என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை நிறுவுங்கள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006-இல் இதைத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். விலை கிடையாது, மூலநிரலும் திறந்தது. விலை கொடுத்து வாங்க வேண்டிய திரைவாசிப்பான்களும் உண்டு. ஆனால் தொடக்கநிலையில் இருப்பவர் அதற்குப் பணம் செலவழிக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

புதுக் கணினியில் என்விடிஏ இருக்காது. விண்டோஸிலேயே உள்ள நரேட்டர் என்னும் திரைவாசிப்பானை, விண்டோஸ் விசையையும் கண்ட்ரோலையும் பிடித்துக்கொண்டு என்டர் தட்டி இயக்கலாம். அதன் துணையோடு, என்விடிஏவை வெளியிடும் என்வி ஆக்ஸஸ் அமைப்பின் இணையதளத்திற்குச் சென்று மென்பொருளைத் தரவிறக்கலாம். முதல் நாளே அதைச் செய்யத்தான் வேண்டும் என்றில்லை. பார்வையுள்ள ஒருவர் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு மாலை நேரம் மிச்சமாகும்.

கோப்பைத் திறந்ததும் என்விடிஏ தற்காலிகமாக இயங்கத் தொடங்கி, தானே பேசும். உரிமை ஒப்பந்தத்தை ஏற்கும் பெட்டிக்கு டேப் விசையால் நகர்ந்து, ஸ்பேஸ் பாரால் குறியிடுங்கள். மீண்டும் டேப் தட்டி, இந்தக் கணினியில் நிறுவுவதற்கான பட்டனில் என்டர் தட்டுங்கள். அதே இடத்தில், பென்டிரைவில் வைத்துக்கொள்ளும் பிரதி ஒன்றை உருவாக்கும் பட்டனும் இருக்கும். கல்லூரி ஆய்வகத்திலும் பிரவுசிங் சென்டரிலும் மென்பொருள் நிறுவ நமக்கு அனுமதி இராது என்பதால், அந்தப் பிரதியை இன்றே செய்து பையில் போட்டுக்கொள்வது நல்லது.

நிறுவி முடிந்தபின் வரவேற்புச் சாளரம் ஒன்று வரும். அதில் மூன்று முடிவுகளை எடுக்க வேண்டும். விசைப்பலகை அமைப்பு என்ற இடத்தில், பக்கவாட்டில் எண்பலகை இல்லாத மடிக்கணினியாக இருந்தால் லேப்டாப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, கேப்ஸ் லாக் விசையை என்விடிஏ விசையாகப் பயன்படுத்தும் பெட்டியில் குறியிடுங்கள். என்விடிஏவுக்குக் கட்டளையிட மற்ற விசைகளோடு சேர்த்துப் பிடிக்கும் விசைதான் என்விடிஏ விசை; வழக்கமாக அது இன்சர்ட். மடிக்கணினிகளில் இன்சர்ட் விசை எங்கோ மூலையில் சின்னதாக ஒளிந்திருக்கும், கேப்ஸ் லாக்கோ இடக்கைச் சுண்டுவிரலுக்கு அருகிலேயே இருக்கிறது. உண்மையான கேப்ஸ் லாக் வேலை தேவைப்படும்போது அதை விரைவாக இருமுறை தட்டினால் போதும். மூன்றாவதாக, கணினிக்குள் நுழைந்தவுடன் என்விடிஏ தானாகத் தொடங்கும் பெட்டியிலும் குறியிட்டுவிடுங்கள்.

முதல் வாரம் விரல்களுக்கு

எஃப் விசையிலும் ஜே விசையிலும் சிறு மேடு இருக்கும். இரு ஆள்காட்டி விரல்களும் எப்போதும் திரும்பி வந்து அமர வேண்டிய இடம் அதுதான். பிறகு, கேப்ஸ் லாக்குடன் எண் ஒன்றைத் தட்டுங்கள். விசை உதவி நிலை தொடங்கும். இனி எந்த விசையைத் தொட்டாலும் கணினி அதன் பெயரையும், என்விடிஏ கட்டளையாக இருந்தால் அது என்ன செய்யும் என்பதையும் சொல்லுமே தவிர, எதையும் செய்யாது. எதையாவது அழித்துவிடுவோமோ என்ற பயம் இல்லாமல் விசைப்பலகை முழுவதையும் தடவிப் பார்க்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. அதே கட்டளையை மீண்டும் தட்டினால் இந்த நிலை முடியும். பல பயிற்சிகளில் இதை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் கொடுத்தாலும் தகும் என்பது என் கருத்து.

அடுத்துப் பழக வேண்டியது பேச்சை நிறுத்துவது. கண்ட்ரோல் விசையை மட்டும் தட்டினால் குரல் உடனே நின்றுவிடும். ஷிப்ட் தட்டினால் இடைநிற்கும், மீண்டும் தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனால், கேப்ஸ் லாக்குடன் டைட்டிலின் டி தட்டுங்கள். திறந்திருக்கும் சாளரத்தின் தலைப்பைச் சொல்லும். கேப்ஸ் லாக்குடன் எஃப் 12 மணியைச் சொல்லும், விரைவாக இருமுறை தட்டினால் தேதியைச் சொல்லும்; சில மடிக்கணினிகளில் இதற்கு எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். கேப்ஸ் லாக்கையும் ஷிப்டையும் பிடித்துக்கொண்டு பேட்டரியின் பி தட்டினால் மின்கலத்தில் மீதமுள்ள அளவு தெரியும்.

வாசிப்புப் பயிற்சிக்கு நோட்பேடு போதும். விண்டோஸ் விசையுடன் ஆர் தட்டி, நோட்பேடு என்பதை ஆங்கிலத்தில் எழுதி, என்டர் தட்டுங்கள். நான்கைந்து வரிகள் எழுதிவிட்டு, இடவலம் அம்பு விசைகளால் எழுத்தெழுத்தாகவும், கண்ட்ரோலுடன் அவற்றைத் தட்டிச் சொல்சொல்லாகவும், மேல்கீழ் அம்புகளால் வரிவரியாகவும் நகர்ந்து பாருங்கள். கேப்ஸ் லாக்குடன் ஏ தட்டினால் இருக்கும் இடத்திலிருந்து கடைசிவரை தொடர்ந்து வாசிக்கும். டெஸ்க்டாப் அமைப்பைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இதே வேலையை என்விடிஏ விசையுடன் கீழ் அம்பு செய்யும்.

புளூடூத் ஹெட்போனைவிடக் கம்பியுள்ள ஹெட்போனே தொடக்கத்தில் ஏற்றது. புளூடூத்தில் ஒவ்வொரு முறையும் பேச்சின் முதல் அசை விழுங்கப்படுவதுண்டு. புதிதாகக் கற்பவருக்கு அது பெருங்குழப்பம்.

குரலைத் தமிழுக்கு மாற்றுதல்

என்விடிஏயுடன் ஈஸ்பீக் என்.ஜி. என்ற பேச்சுப்பொறி சேர்ந்தே வருகிறது. அதில் தமிழ் உண்டு. கேப்ஸ் லாக்கையும் கண்ட்ரோலையும் பிடித்துக்கொண்டு வாய்ஸின் வி தட்டினால் பேச்சு அமைப்புகள் திறக்கும். டேப் விசையால் குரல் பட்டியலுக்குச் சென்று, கீழ் அம்பால் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அருகிலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இடமும் இருக்கும். ஈஸ்பீக்கின் உச்சரிப்பு இரும்பைத் தட்டுவதுபோல் இருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது உடனுக்குடன் பதில் சொல்கிறது, மிக வேகமாக வைத்தாலும் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன, தமிழ் வரிக்கு நடுவே ஆங்கிலச் சொல் வந்தால் அதை ஆங்கிலமாகவே வாசித்துவிடுகிறது.

இனிமையான குரல் வேண்டுமென்றால், விண்டோஸ் அமைப்புகளில் நேரமும் மொழியும் என்ற பகுதிக்குள் உள்ள பேச்சுப் பிரிவில் குரல் சேர்க்கும் பட்டனைத் தட்டித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். வள்ளுவர் என்ற பெயருடைய ஆண் குரல் கணினியில் இறங்கும். பிறகு கேப்ஸ் லாக்கையும் கண்ட்ரோலையும் பிடித்துக்கொண்டு எஸ் தட்டி, பேச்சுப்பொறியாக விண்டோஸ் ஒன்கோர் குரல்களைத் தேர்ந்தெடுத்தால், குரல் பட்டியலில் வள்ளுவர் இருப்பார். கட்டுரையோ கதையோ நீளமாக வாசிக்க வள்ளுவரையும், அன்றாட வேலைக்கு ஈஸ்பீக்கையும் வைத்துக்கொள்வதே வசதி என்று நினைக்கிறேன். எல்லாம் பிடித்தபடி அமைந்ததும், கேப்ஸ் லாக்கையும் கண்ட்ரோலையும் பிடித்துக்கொண்டு சி தட்டி அமைப்புகளைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுதல்

ஆங்கில ஒலிப்பில் தட்டித் தமிழ் பெறும் முறை பார்வையுள்ளவர்களிடம் பரவலாக இருக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பரிந்துரைப் பட்டியல் எழும்பி, அதைத் திரைவாசிப்பான் குறுக்கே வாசிக்கும்; காதால் எழுதுபவருக்கு அது பெருந்தொல்லை. அதனால் தமிழ்99 விசைப்பலகையைப் பரிந்துரைக்கிறேன். 1999-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்ற இந்த அமைப்பில் உயிர் எழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் உள்ளன. இது விண்டோஸ் 11-இலேயே இருக்கிறது: மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் விருப்பங்களில் தமிழ்99 என்ற விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மாற, விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் தட்ட வேண்டும்.

நடு வரிசையை விரல்களோடு சேர்த்து மனத்தில் பதியுங்கள். இடக்கையில் சுண்டுவிரலுக்கு அ, மோதிர விரலுக்கு இ, நடுவிரலுக்கு உ, மேடுள்ள எஃப் விசையில் இருக்கும் ஆள்காட்டி விரலுக்கு ஃ. மெய்யெழுத்துக்குப் பின் இந்த ஃ வந்தால் அதுவே புள்ளியாகிவிடும். வலக்கையில் மேடுள்ள ஜே விசையில் ப, அடுத்து நடுவிரலுக்கு ம, மோதிர விரலுக்கு த, சுண்டுவிரலுக்கு ந. ஆள்காட்டி விரலை ஒரு விசை இடப்புறம் நகர்த்தினால் க. இப்போது மதுரை என்று எழுதிப் பாருங்கள்: வலக்கை நடுவிரலால் ம, மோதிர விரலால் த, இடக்கை நடுவிரலால் உ, தகரமும் உகரமும் சேர்ந்து து ஆகிவிடும். பின்பு வலக்கை ஆள்காட்டி விரலைக் கீழ் வரிசைக்கு இறக்கி எம் விசையில் ர, இடக்கை ஆள்காட்டி விரலை மேல் வரிசைக்கு ஏற்றி ஆர் விசையில் ஐ. ஐந்தே தட்டல்.

தட்டும் எழுத்துகளைக் கணினி உடனுக்குடன் சொல்ல வேண்டுமா என்பதைக் கேப்ஸ் லாக்குடன் எண் 2, முழுச் சொற்களைச் சொல்ல வேண்டுமா என்பதைக் கேப்ஸ் லாக்குடன் எண் 3 கட்டுப்படுத்துகின்றன. பழகும்வரை இரண்டும் இருக்கட்டும். கை வேகம் பிடித்தபின் எழுத்தொலியை நிறுத்திவிட்டுச் சொல்லொலியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இணையத்தில் வாசித்தல்

தமிழ் விக்கிப்பீடியாவில் மதுரை பற்றிய பக்கத்தைத் திறந்து பழகுங்கள். நீளமான பக்கம், தலைப்புகள் ஒழுங்காக உள்ள பக்கம். எச் தட்டினால் அடுத்த தலைப்பு, எண் 2 தட்டினால் இரண்டாம் நிலைத் தலைப்பு, கே தட்டினால் அடுத்த இணைப்பு, டேபிளின் டி தட்டினால் அடுத்த அட்டவணை, பட்டனின் பி தட்டினால் அடுத்த பட்டன், ஈ தட்டினால் எழுதும் பெட்டி. இவற்றுடன் ஷிப்டைச் சேர்த்தால் பின்னோக்கிப் போகும். எழுதும் பெட்டிக்குள் நுழைந்தபின் எழுத்து விசைகள் மீண்டும் எழுத்துகளாகவே வேலை செய்ய வேண்டும். கேப்ஸ் லாக்குடன் ஸ்பேஸ் தட்டி அந்த நிலைக்கு மாறி, வேலை முடிந்ததும் அதையே தட்டித் திரும்புங்கள்.

தமிழ்க் கோப்பு தமிழாக வாசிக்காதபோது

இங்கேதான் பலர் மனம் தளர்ந்துபோகிறார்கள். பேராசிரியர் அனுப்பிய பாடக்குறிப்பைத் திறந்தால் திரையில் அழகான தமிழ் இருப்பதாக நண்பர் சொல்கிறார். கணினியோ "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று உளறுகிறது. என்விடிஏ பழுதாகவில்லை. அது பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு. அதில் அம்மா என்ற சொல் உள்ளே அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போர்த்திக் கண்ணுக்குக் காட்டுகிறது. காதுக்கு அந்தப் போர்வை கிடையாது. யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் எழுதப்பட்ட கோப்பு மட்டுமே உண்மையில் தமிழாக இருக்கும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றுவிட்டது. ஆயினும் டிடிபி கடைகளில் பழைய எழுத்துருப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

இத்தகைய கோப்பு வந்தால், உரை முழுவதையும் கண்ட்ரோலுடன் ஏ, பின்பு கண்ட்ரோலுடன் சி தட்டி நகலெடுத்து, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் ஒட்டி, பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றுங்கள். எந்த எழுத்துரு என்று வேர்டில் பார்வையுள்ள ஒருவர் நொடியில் சொல்லிவிடுவார். இல்லையேல் மாற்றியில் உள்ள குறியீடுகளை ஒவ்வொன்றாக முயலலாம். அதைவிட நல்லது, அனுப்புபவரிடமே "ஐயா, ஒருங்குறியில் தட்டிய வேர்டு கோப்பாக அனுப்புங்கள்" என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது.

கணினி உளறக்கூட இல்லாமல் மௌனமாக இருந்தால், அது பக்கங்களைப் படமெடுத்துச் செய்த பிடிஎஃப். கேப்ஸ் லாக்குடன் ஆர் தட்டினால் என்விடிஏ படத்திலுள்ள எழுத்துகளை வாசிக்க முயலும். ஆனால் அது நம்பியிருக்கும் விண்டோஸ் எழுத்துணரி ஆங்கிலத்தைப் படிக்கும், தமிழைப் படிக்காது. தமிழுக்குக் கூகுள் டிரைவே கைகொடுக்கும்: கோப்பை அங்கே ஏற்றி, ஷிப்டுடன் எஃப் 10 தட்டி வரும் பட்டியலில் கூகுள் டாக்ஸில் திறக்கும்படி தேர்ந்தெடுத்தால், படத்திலிருந்த தமிழ் உரையாகிவிடும். தெளிவாக ஸ்கேன் செய்த ஒற்றைப் பத்திப் பக்கம் நன்றாக வரும். இரண்டு பத்திகளாக அச்சிட்ட வழிகாட்டி நூல்களில் வரிகள் கலந்துவிடுவதுண்டு. படிப்பதற்காக ஒரு நூலை இப்படி மாற்றிக்கொள்வது தவறோ என்று தயங்க வேண்டாம். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை மாற்ற இடம் கொடுக்கிறது.

நேரில் கற்க விரும்புவோருக்கு மதுரையில் இடம் இல்லாமல் இல்லை. எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் சுந்தரராஜன்பட்டியில் இயங்குகிறது. நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளி வாசகர்களுக்கென்று தனிப் பிரிவு உள்ளது.

குரல் திடீரென நின்றுவிட்டால்

முதலில் ஹெட்போன் கம்பியையும் ஒலியளவையும் பாருங்கள். அடுத்து, கேப்ஸ் லாக்குடன் எஸ் தட்டுங்கள். பேச்சு நிலையை மாற்றும் இந்தக் கட்டளை, எஸ் விசையில் எதையோ தட்டப்போய்க் கை தவறி அடிக்கடி விழுந்துவிடும். மீண்டும் பேசும்வரை, ஒவ்வொரு தட்டலுக்கும் சற்று இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே வாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு என் தட்டுங்கள். என்விடிஏ மூடிப் புதிதாகத் தொடங்கும், திறந்திருந்த கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.